பணியாளர்கள் மாறிக்கொண்டே இருக்கும் முதியோர் இல்லத்திலிருந்து அம்மாவை வேறு இடத்துக்கு மாற்றலாமா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 79 வயது, கோவைப் பக்கம் ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் இரண்டு வருடமாக இருக்கிறார். நடக்கிறார், ஞாபகம் ஓரளவு நன்றாகவே இருக்கிறது, குளிக்கவும் பாத்ரூம் போகவும் மட்டும் ஒரு கை உதவி வேண்டும். நீங்கள் புனேயில் இருக்கிறீர்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கிறீர்கள். தீபாவளிக்குப் பிறகு அவர் இருக்கும் மாடியில் வேலை பார்த்த நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள், மேனேஜரும் மாறிவிட்டார். அதற்கப்புறம் அம்மா போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை, சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவதையும் நிறுத்திவிட்டார், தட்டு அறைக்கே வருகிறது. 'ஆட்கள் நிற்காத இடம் மோசமான இடம்தானே, மாற்றிவிடலாமா' என்பது நீங்கள் எழுதிய கேள்வி. ஆனால் இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆட்கள் மாறுவது இல்லம் கெட்டுப்போனதற்கு அடையாளமா என்பது ஒன்று, அம்மா ஒடுங்கிப்போனதற்கு அதுதான் காரணமா என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் அவசரம், அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

நான் ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) படித்தவள். சில வருடம் மருத்துவமனை வார்டு, பிறகு பெரும்பகுதி முதியோர் இல்லங்களில் நர்சிங் பொறுப்பு. ஆள் எடுப்பது, டியூட்டி போடுவது, சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் கிளம்பிவிட்டால் அன்றைக்கு ராத்திரி யாரை நிறுத்துவது என்று அலைவது எல்லாம் என் தலையில்தான் இருந்தது. அதனால் இல்லத்தின் உள்பக்கத்திலிருந்து பேச முடியும். டாக்டர் இல்லை, உங்கள் அம்மாவைப் பார்த்ததும் இல்லை. அவருக்கு இன்னதுதான் என்று நான் சொல்ல முடியாது, எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்ல முடியும்.

சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடியது இது: வயதானவர் ஒருவர் பேச்சைக் குறைத்து அறையை விட்டு வராமல் இருந்தால், மனசு சரியில்லை என்று முடிவு கட்டும் முன் உடம்பைப் பார்க்க வேண்டும். சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவது, மலச்சிக்கல், தண்ணீர் போதாமை, புதிதாகச் சேர்த்த ஒரு மாத்திரை, இதில் எதுவாக இருந்தாலும் அந்த வயதில் காய்ச்சலோ வலியோ இல்லாமல், மந்தமாகவும் தூக்கக் கலக்கமாகவும் கிடப்பதாக மட்டுமே வெளியே தெரியலாம். உடம்புக் கோளாறால் திடீரென்று வரும் மனக் குழப்பத்தை டெலிரியம் என்பார்கள். டெலிரியம் என்றால் கத்துவது, ஆள் தெரியாமல் பேசுவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சத்தமே போடாத டெலிரியமும் உண்டு, யாருக்கும் தொந்தரவு தராததால் அதுதான் அதிகம் கண்ணில் படாமல் போகிறது. அது சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ வரும், காலையில் ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி என்று ஏறி இறங்கும். மாதக்கணக்கில் மெதுவாக வந்ததென்றால் மனச்சோர்வு, தைராய்டு குறைவு, பி12 குறைவு, காது மங்குவது, மறதி நோயின் ஆரம்பம் என்று பார்க்க வேண்டியவை வேறு. பிரஷர் மாத்திரையோடு நீர் பிரியும் மருந்து சேர்ந்திருந்தால் சோடியத்தை அவசியம் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் முதியோர் நல மருத்துவரிடமே காட்டுங்கள். நம் மாநிலத்தில் இது புதுத் துறை இல்லை, சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-லேயே முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கிவிட்டார். போகும்போது மாத்திரைச் சீட்டை மட்டும் கொண்டுபோகாமல் மாத்திரை டப்பாவையே கொண்டுபோங்கள். ஆள் மாறும் நேரத்தில்தான் நிறுத்தச் சொன்ன மாத்திரை தொடர்வதும், தொடரச் சொன்னது விட்டுப்போவதும் நடக்கும்.

உடம்பில் ஒன்றுமில்லை என்று வந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியவை ரொம்பச் சின்ன விஷயங்கள், குடும்பத்தில் யாரும் கேட்காத விஷயங்கள். சாப்பாட்டுக் கூடத்துக்கு வருவதை நிறுத்தும் பாட்டிகளில் பலரிடம் நான் பார்த்த காரணம், சேலை நனைந்துவிடுமோ என்ற பயம். பன்னிரண்டரை மணிச் சாப்பாட்டுக்குப் பழைய ஆள் பன்னிரண்டு மணிக்கே வந்து, கேட்காமலே, 'வாங்க பாட்டி, ஒரு தடவை போயிட்டு வந்துடலாம்' என்று பாத்ரூமுக்குக் கூட்டிப்போயிருப்பார். எந்த ரிஜிஸ்டரிலும் எழுதாத பழக்கம் அது. புது ஆள் மணி அடித்ததும் 'சாப்பிட வாங்க' என்று மட்டும் கூப்பிடுகிறார். முந்தாநாள் வேலைக்கு வந்த இருபது வயதுப் பெண்ணிடம் பாட்டி அதை எப்படி வாய்விட்டுச் சொல்வார்? பசியில்லை என்றுதான் சொல்வார். இரண்டு நாள் பசியில்லை என்றால் தட்டு அறைக்கு வர ஆரம்பிக்கும். தட்டு அறைக்கு வந்துவிட்டால் கூடத்தில் அவர் உட்காரும் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள், அதற்கப்புறம் திரும்பிப் போவது கௌரவப் பிரச்சினை. ஒரு மாதம் கழித்து மகனோ மகளோ வந்து பார்க்கும்போது, 'பாட்டி யாரோடயும் சேர மாட்டேங்கறாங்க' என்று புது மேனேஜர் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

பல்செட்டும் இப்படித்தான். ராத்திரி கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட்டு வைப்பதும், காலையில் எடுத்து மாட்டிவிடுவதும் ஒருவரின் கைப்பழக்கம். ஆள் மாறினால் அது மேசை டிராயரில் காய்ந்து கிடக்கும். பல்செட் இல்லாமல் நாலு பேர் எதிரில் உட்கார்ந்து சப்பாத்தி தின்ன எந்த அம்மாவுக்கு மனசு வரும்? காது மெஷினின் பொத்தான் பேட்டரி ஒரு வாரம், பத்து நாளில் தீர்ந்துவிடும். மாட்டிவிடுகிறார்கள், ஆனால் பேட்டரி செத்துவிட்டது என்று புது ஆளுக்குத் தெரியாது, ஆக மெஷின் இப்போது காதை அடைக்கும் ஒரு பஞ்சு மாதிரிதான். போனில் அம்மா இரண்டு வார்த்தையோடு நிறுத்துகிறார் என்று எழுதியிருந்தீர்களே, அவர் மெஷின் போடுகிறவராக இருந்தால் முதலில் அதைத் திறந்து பாருங்கள். மூக்குக்கண்ணாடி அவருடையதுதானா என்றும் பாருங்கள். இரண்டு பாட்டிகளின் கண்ணாடி மாறிப்போய் வாரக்கணக்கில் யாரும் கவனிக்காமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, ஆட்கள் ஏன் போகிறார்கள்? பெரும்பாலும் அது உங்கள் அம்மாவோடும், பல சமயம் அந்த இல்லத்தோடும்கூடச் சம்பந்தமில்லாதது. பன்னிரண்டு மணி நேர டியூட்டி, அதில் நாள் முழுக்கத் தூக்குவது, திருப்புவது, டயாப்பர் மாற்றுவது. இடுப்பு இரண்டு வருடம்கூடத் தாங்காது. வேலை பழகிய கேர்டேக்கரை வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் நாள் கூலி அதிகம் கொடுத்துக் கூப்பிட்டுக்கொள்கின்றன. ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்ஸ்கள் அனுபவச் சான்றிதழ் கையில் வந்ததும் அரசு வேலைக்குப் பரீட்சை எழுதுவார்கள், அல்லது வளைகுடா, ஜெர்மனி என்று போவார்கள், அதைத் தப்பு சொல்ல முடியாது. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் பெண்கள் ஒரே ஊர்க்காரர்களாகக் கூட்டமாக வருவார்கள், ஒருத்திக்குக் கல்யாணம் என்றால் கூட்டமாகவே கிளம்புவார்கள். தீபாவளி போனஸ் கைக்கு வந்த பிறகு வேலை மாறுவது நம் ஊரில் எல்லாத் தொழிலிலும் உள்ளதுதான்.

உங்கள் விஷயத்தில் நான் ஒன்று மட்டும் விசாரிப்பேன். மேனேஜர் முதலில் போனாரா, பணியாளர்கள் முதலில் போனார்களா? மேனேஜர் முதலில் போயிருந்தால், அவர் சேர்த்த ஆட்கள் அவர் பின்னாலேயே இன்னொரு இடத்துக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். அது ஒரே ஒரு சம்பவம், நாலைந்து மாதத்தில் புதுக் குழு பழகிவிடும். பணியாளர்கள் முதலில் உதிர்ந்து கடைசியில் மேனேஜரும் போயிருந்தால், சம்பளம் தள்ளிப்போகிறதா, ஆளைக் குறைத்துவிட்டார்களா, உரிமையாளர் செலவைப் பிடிக்கிறாரா என்று சந்தேகப்பட இடமுண்டு. இது நான் பார்த்த இடங்களை வைத்துச் சொல்வது, ஆய்வில் நிரூபித்ததல்ல. ஆனாலும் வேறு எந்த ஒரு கேள்வியையும்விட இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது.

ஆய்வு என்று பார்த்தால், இதில் நல்ல தரவு அமெரிக்காவில்தான் இருக்கிறது. அங்கே நர்சிங் ஹோம்கள் (நர்ஸ் கவனிப்போடு கூடிய முதியோர் இல்லங்கள்) யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்பதைச் சம்பளக் கணக்கிலிருந்தே அரசுக்கு அனுப்ப வேண்டும். 2017, 2018 வருடத் தரவை வைத்துச் செய்து 2021-ல் வெளியான ஒரு ஆய்வில், நர்சிங் பணியாளர்கள் மாறும் அளவு வருடத்துக்குச் சராசரியாக 128 சதவீதம் என்று வந்தது, நடு மதிப்பு 94 சதவீதம், அதாவது பாதி இல்லங்களில் அதற்குக் கீழே, மீதிப் பாதியில் அதற்கு மேலே. நூறைத் தாண்டுவது எப்படி என்றால், ஒரே வேலையில் ஒரு வருடத்துக்குள் இரண்டு மூன்று பேர் வந்து போனால் அத்தனையும் கணக்கில் சேரும். அவ்வளவு சம்பளமும் சட்டமும் கண்காணிப்பும் உள்ள இடத்திலேயே நிலைமை இது. ஆக, ஆள் மாறுகிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து உங்கள் அம்மா இருக்கும் இல்லத்தை ஒதுக்கினால், அடுத்துப் போகும் இல்லத்திலும் அதேதான் காத்திருக்கும். ஆனால் அதே ஆய்வில், மாற்றம் அதிகமுள்ள இல்லங்களுக்கு அரசு தரும் தர மதிப்பீடு குறைவாக இருந்தது என்பதும் உண்மை. ஆள் மாறுவதால் கவனிப்பு கெட்டதா, நிர்வாகம் கெட்டிருந்ததால் ஆள் நிற்கவில்லையா என்று இதை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது, இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்பது என் எண்ணம். 2022 ஜனவரியிலிருந்து அங்கே ஒவ்வொரு இல்லத்தின் ஆள்மாற்றக் கணக்கையும் அரசு இணையத்தில் யாரும் பார்க்கலாம். நம்மிடம் அப்படி எதுவும் இல்லாததால், நீங்களே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

என் அனுபவத்தில் ஆள் போவதைவிடப் பெரிய கெடுதல், போகிற ஆளோடு உங்கள் அம்மாவைப் பற்றிய விவரமும் சேர்ந்து போய்விடுவது. நன்றாக நடக்கும் இல்லத்தில் ஷிப்ட் மாறும்போது ஒப்படைப்பு என்று பதினைந்து நிமிடம் நடக்கும். அதில் பிரஷர், சுகர் மட்டும் சொன்னால் போதாது. இவருக்குக் காபி ஆறரைக்கு வேண்டும், மாத்திரையை ரசம் சாதத்தோடு கொடுத்தால்தான் உள்ளே போகும், இடது முழங்காலில் வலி அதனால் வலது பக்கமாக எழுப்ப வேண்டும், செத்துப்போன மகனைப் பற்றிக் கேட்டுவிடாதே, இதையெல்லாம் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்ல வேண்டும். சொல்வதற்கே ஆள் இல்லாமல் நான்கு பேரும் போய்விட்டால் அந்த விவரம் எங்கேயும் இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது. அதனால் இன்றைக்கே உட்கார்ந்து, ஒரே ஒரு பக்கம், தமிழில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். புது ஆட்களுக்குத் தமிழ் படிக்க வராவிட்டால் இந்தியிலும் ஒரு பக்கம். நோய் வரலாறு வேண்டாம், அது ஃபைலில் இருக்கும். காலையிலிருந்து ராத்திரி வரை அம்மா எதை எப்படிச் செய்து பழகியவர், எதற்குக் கூச்சப்படுவார், எதைச் சொன்னால் சிரிப்பார், இவ்வளவு போதும். அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் ஒட்டினால் அறைக்கு வருகிற எல்லோரும் படிப்பார்கள், அது அம்மாவுக்குப் பிடிக்காது.

காலையில் குளிப்பாட்ட மட்டுமாவது வாரத்தில் ஆறு நாளும் ஒரே ஆளை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஒருவருக்கு ஒரே ஆளை வைப்பது எல்லா வகையிலும் நல்லது என்று நிரூபணமாகிவிட்டது என நான் சொல்ல மாட்டேன், ஆய்வுகளின் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. ஆனால் உடம்பைத் திறந்து காட்ட வேண்டிய நேரத்தில் தினம் ஒரு புது முகம் வருவது எவ்வளவு பெரிய வேதனை என்பதற்கு எனக்கு ஆய்வு வேண்டாம்.

இனி நீங்கள் கேட்காத ஒரு விஷயம். அம்மாவுக்கு அங்கே சிநேகிதிகள் யார்? பணியாளர் மாற்றத்தைத் தாங்கிக்கொள்கிற முதியவர்களை நான் கவனித்திருக்கிறேன், அநேகமாக எல்லோருக்கும் கூட இருக்கும் முதியவர்களில் ஒருவர் இருவர் சொந்தம் மாதிரி இருப்பார்கள். கேர்டேக்கரை மட்டுமே நம்பி இருப்பவர்கள்தான் அவர் போனதும் உடைந்துபோகிறார்கள். ஒரு இல்லத்தின் வாழ்க்கை என்பது பெரிய விழாக்களில் இல்லை. பொங்கலுக்குப் பானை வைத்துப் போட்டோ எடுப்பதை எல்லா இல்லங்களும் செய்யும். காலையில் கண் தெரிகிற தாத்தா ஒருவர் பேப்பரை உரக்க வாசிக்க, மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்களா, மார்கழியில் குனிய முடியாத பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல இன்னொருவர் கோலம் போடுகிறாரா, யாராவது ஒருவர் சாப்பிட வரவில்லை என்றால் பக்கத்து நாற்காலிக்காரர் ஏன் என்று கேட்கிறாரா, இதைப் பாருங்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் இருந்தார். ஒடிசாவிலிருந்து புதிதாக வந்த பெண்ணை ஒவ்வொரு நாள் காலையிலும் கூடத்தில் இருக்கும் மெனு போர்டுக்கு முன்னால் நிறுத்தி, அன்றைய சாப்பாட்டை எழுத்துக் கூட்டி வாசிக்க வைப்பார். 'வத்தக் குழம்பு' வாயில் வராமல் அந்தப் பெண் தடுமாறும்போது சாப்பிட வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு முறை சொல்லிக் கொடுப்பார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பெண்ணுக்குத் தமிழும் வந்தது, எந்தத் தாத்தாவுக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பதும் தெரிந்தது. ஏனென்றால் ஒவ்வொருவரும் போர்டைப் பார்த்து, 'எனக்கு இது வேண்டாம் கண்ணு, வாய்வு' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். புது ஆளை அங்கே பழக்கியதில் நிர்வாகத்துக்கு இருந்த பங்கைவிட அங்கே இருந்த பெரியவர்களுக்கு இருந்த பங்கு அதிகம்.

முதியவர்களிடம் ஏதாவது ஒரு பொறுப்பைக் கொடுத்தால் நல்லது என்பதற்கு எல்லோரும் சொல்லும் ஆய்வு ஒன்று உண்டு. 1976-ல் எலன் லேங்கர், ஜூடித் ரோடின் இருவரும் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு நர்சிங் ஹோமில் செய்தது. ஒரு மாடிக்காரர்களிடம், 'உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது என்பது உங்கள் முடிவு, இந்தச் செடியைப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு, சினிமா எந்த நாளில் பார்ப்பது என்று நீங்களே சொல்லுங்கள்' என்றார்கள். இன்னொரு மாடியில் அதே செடி, அதே சினிமா, ஆனால் எல்லாவற்றையும் பணியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் இன்னும் சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தார்கள். ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தபோது அவர்களில் இறந்தவர்களும் பாதி அளவுதான் என்று எழுதினார்கள். அந்தக் கடைசிப் பகுதியை நான் நம்பிச் சொல்ல மாட்டேன். ஆட்கள் ரொம்பக் குறைவு, புள்ளிவிவரத்தில் கோளாறு இருப்பதாகப் பிறகு விமர்சனங்களும் வந்தன. பொறுப்பு கொடுத்தால் முகத்தில் களை வரும் என்பதை மட்டும் நானே பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மாவுக்கு எது சரிப்படும் என்று உங்களுக்குத்தான் தெரியும். பூ கட்டுவாரா, கீரை ஆய்வாரா, கணக்கு எழுதுவாரா? ஒன்றைச் சொல்லி, அதைத் தினமும் அவரிடமே கேட்டு வாங்கும்படி புது மேனேஜரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள், இது எனக்கு ரொம்ப முக்கியம். அந்த நான்கு பேரும் போனதை அம்மாவிடம் யாராவது சொன்னார்களா? நம் இல்லங்களில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிடித்தமான கேர்டேக்கர் வேலையை விட்டுப் போய்விட்டால், பாட்டி கேட்கும்போதெல்லாம் 'ஊருக்குப் போயிருக்கா, வந்துடுவா' என்று சொல்லி வைப்பார்கள். அழுவார், சாப்பிட மாட்டார் என்ற பயம். பாட்டி ஒரு வாரம் காத்திருப்பார், இரண்டு வாரம் காத்திருப்பார். பிறகு கேட்பதை நிறுத்திவிடுவார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நாம் நினைப்போம். அவருக்குப் புரிவது, தன்னிடம் சொல்லிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை என்பதுதான். ஓர் அறையில் இருந்தவர் ராத்திரி இறந்துபோனால் காலையில் படுக்கையை மாற்றிப் போட்டுவிட்டு 'ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க' என்று சொல்வதும் இதே வகை. கேட்கிறவர்களுக்கு வயதாகியிருக்கிறதே தவிர அவர்கள் குழந்தைகள் இல்லை. போகிறவர் கடைசி நாளில் ஒவ்வொரு அறையாகப் போய்ச் சொல்லிவிட்டு, முடிந்தால் புது ஆளையும் கையோடு கூட்டிப்போய் அறிமுகம் செய்துவிட்டுப் போக வேண்டும். பத்து நிமிட வேலை. உங்கள் அம்மாவுக்கு அது நடக்கவில்லை என்றால் இப்போதும் செய்யலாம். பழைய பெண்ணின் நம்பர் பழைய மேனேஜரிடமோ சமையலறையிலோ கட்டாயம் இருக்கும், ஒரு தடவை வீடியோ காலில் பேச வையுங்கள். 'வேற எடத்துல சேர்ந்துட்டேன் பாட்டி, உங்ககிட்ட சொல்லாம வந்துட்டேன்' என்று அவரே சொல்லட்டும். அம்மா அழலாம். அழட்டும்.

இவ்வளவும் சொன்னேன் என்பதற்காக எது நடந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தமில்லை. சில விஷயங்களுக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. வால் எலும்பிலோ குதிகாலிலோ புண், அல்லது விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு. ஒரு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதம், ஆறு மாதத்தில் 10 சதவீதம் குறைவது (எடை ரிஜிஸ்டரைக் காட்டச் சொல்லுங்கள், இல்லை என்றால் அதுவே ஒரு பதில்). யாரும் விளக்கம் தராத காயம். பகலிலும் தூங்கி வழிகிற மாதிரி ஒரு மாத்திரை, அதை எந்த டாக்டர் எழுதினார் என்று கேட்டால் மழுப்பல். சொல்லாமல் போனால் உள்ளே விடாமல் அரை மணி நேரம் காத்திருக்க வைப்பது. இதில் ஒன்று இருந்தாலும் நான் மேலே சொன்ன அலமாரிக் காகிதமெல்லாம் வேண்டாம், அம்மாவை முதலில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் முழுதாகக் காட்டிவிட்டு, வேறு இடம் பாருங்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்கும் சொல்லலாம், நாடு முழுக்க அதே எண், காலை எட்டு முதல் ராத்திரி எட்டு வரை எடுப்பார்கள். 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைப் பற்றி நிறையப் பேர் சொல்வார்கள். அதன் முக்கியமான பகுதி பிள்ளைகள் பெற்றோருக்குப் பராமரிப்புத் தொகை தருவதைப் பற்றியது, தனியார் இல்லத்தில் கவனிப்பு சரியில்லை என்பதற்கு அது நேரடியாக எவ்வளவு உதவும் என்பதை ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்போதைக்கு மாற்ற மாட்டேன். இடம் மாறுவதே வயதானவர்களுக்கு ஒரு பெரிய அடி, 1992-லேயே இடமாற்ற அழுத்தம் என்பதை நர்சிங்கில் தனி நோயறிதலாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். எல்லோருக்கும் அப்படி ஆகும் என்றில்லை, நல்ல இடத்துக்குப் போய்த் தெளிந்தவர்களும் உண்டு. ஆனால் ஏற்கெனவே ஒடுங்கியிருக்கிற ஒருவரை, ஏன் ஒடுங்கினார் என்று தெரியாமலே மாற்றினால், அதே பல்செட், அதே பாத்ரூம் பயம் புது இடத்துக்கும் கூடவே போகும், தெரிந்த முகம் ஒன்றுகூட அங்கே இருக்காது. முடிந்தால் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வாருங்கள். வரும்போது ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போகாதீர்கள், அப்போது எல்லா இல்லங்களும் அழகாக இருக்கும். சாயங்காலம் ஷிப்ட் மாறும் நேரத்தில் போய் உட்காருங்கள், ராத்திரி அந்த மாடிக்கு எத்தனை பேர் என்று பாருங்கள், மதியச் சாப்பாட்டை அம்மாவோடு கூடத்திலேயே சாப்பிடுங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் அவர் கட்டாயம் வருவார், அந்த நாற்காலியும் திரும்பக் கிடைத்துவிடும். சமையல்காரரிடமும் பெருக்கித் துடைக்கும் அம்மாவிடமும் பேசுங்கள். பெரும்பாலும் அவர்கள்தான் உள்ளூர்க்காரர்கள், மாறாமல் இருக்கிறவர்கள், உண்மையும் அவர்களிடம்தான் கிடைக்கும். புது மேனேஜரிடம் ஆறு வாரம் என்று ஒரு கெடு வைத்துக்கொண்டு, இன்ன இன்னது நடக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். கோபமாக வேண்டாம், அவரும் இந்த வேலைக்குப் புதுசுதான்.

ஆறு வாரம் கழித்தும் அம்மா அறையிலேயே இருந்தால், எழுதிக் கொடுத்ததில் பாதிகூட நடக்கவில்லை என்றால், அப்போது மாற்றுங்கள். புது இல்லத்தை முடிவு செய்யும் முன் அம்மாவை ஒரு நாளாவது கூட்டிப்போய்க் காட்டி, அவர் வாயால் சரி என்று சொன்ன பிறகு பணம் கட்டுங்கள். தீபாவளி, பொங்கல் சமயத்தில் மாற்றாதீர்கள், அங்கே பாதிப் பேர் லீவில் இருப்பார்கள். பழைய போர்வை, தலையணை, சாமி படம், சாப்பிடும் தட்டு எல்லாம் கூடவே போகட்டும். பழைய இல்லத்துச் சிநேகிதி யாராவது இருந்தால் அவருடைய போன் நம்பரை மறக்காமல் வாங்கி, அம்மாவின் போனில் ஒரே பட்டனில் போகிற மாதிரி போட்டுக் கொடுங்கள்.